ஆனந்த குமாரசுவாமி கண்ட சுதேசியம்

கலாநிதி ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்திலே தோன்றுவது தில்லைக் கூத்தனின் திருவுருவம். சிவ நடனத்தின் பொருளை மேலை நாட்டார்க்கு விளக்கியவர், பொஸ்டன் நகரத்து நூதனசாலையிலே இந்தியக் கலைக்குத் தனியிடம் வகுத்தவர் என்ற அளவில் அன்னாரை நமது பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. இலக்கியக் கழகங்களிலும் இவைதாம் பேசப்படுகின்றன. இவையெல்லாம் மெய்யே. ஆயினும், முப்பதாவது வயதை எட்டும் முன்னரே அவர் வேறொரு பொருளைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்கத் தொடங்கியிருந்தார். கடைக்குச் சென்று ஒரு முழத் துணி வாங்குகிறவன், அந்த ஒரு செய்கையாலே, எங்கோ ஒருவன் கையை வாழவைக்கிறான், மற்றொருவன் கையை முடமாக்குகிறான் என்பதே அச்சிந்தனை. சிவ நடனத்தைப் பாராட்டுபவர்கள் இதனை ஏனோ கண்டும் காணாதது போலக் கடந்துவிடுகின்றனர். நான் எழுதப் புகுவது இந்தக் குமாரசுவாமியைப் பற்றியே.

இதில் எனக்கு ஈடுபாடு உண்டாகியதற்கு நான் வாழும் இடமும் ஒரு காரணம். எழுவைதீவு, ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய சிறியதொரு தீவு. பனையும் கடலுமே அதன் செல்வம். அங்குள்ள கடையிலே தொங்கும் பொருள் ஒவ்வொன்றும் படகிலே வந்து இறங்கியதாதலின், எது நம்முடையது, எது பிறருடையது என்பதைக் குழந்தையும் எளிதிற் காணலாம். ஒருமுறை என் மாணவரிடம், தத்தம் வீட்டிலுள்ள பொருள்களையும் அவை செய்யப்பட்ட இடங்களையும் எழுதி வருமாறு பணித்தேன். வாளி சீனத்தது, வலை நூலும் வெளிநாட்டது, கைவிளக்கும் வானொலியும் அவ்வாறே. எங்கள் தீவிலே செய்யப்பட்டவை என்று அவர்கள் எழுதியவை மூன்றே: கடகம், ஒடியல், அப்பாச்சி இழைத்த பாய். இத்தனைக்கும் எங்கள் கடலில் எடுக்கப்படும் கடலட்டை, அவித்து உலர்த்தப்பட்டுச் சீனத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்பட்டியலைப் பார்த்தபொழுது, நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விலங்கையின் மலைநாட்டுக் கிராமங்களிலே இதே போன்றதொரு பட்டியலை மனத்துள் எழுதிக்கொண்டு நடந்த ஒரு மனிதரே என் நினைவுக்கு வந்தார்.

அன்னாரின் குலம் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலுள்ள கெருடாவிலிலிருந்து கொழும்புக்குச் சென்ற குலம். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, இங்கிலாந்திலே பாரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்து; சட்டநிரூபண சபை உறுப்பினர்; அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கியவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் தந்தையாரின் சகோதரி மக்கள். எனவே ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர். 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையார் காலமானார். தாயுடன் இங்கிலாந்திலே வளர்ந்த ஆனந்தர், வைக்ளிஃப் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கற்று, 1900ஆம் ஆண்டு புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்றார். கலையைப் பற்றிப் பிற்காலத்தில் அவ்வளவு எழுதியவர் கல்லையும் மண்ணையும் கற்றே தொடங்கினார் என்பது பலர்க்கு வியப்பாயிருக்கும். எனக்கு அது வியப்பன்று. பொருளைக் கையிலெடுத்து, இது எங்கிருந்து வந்தது, எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கும் பழக்கம் புவிச்சரிதவியல் தரும் பழக்கமே.

அவர் எழுதிய தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்று இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியது. பென்சிலுக்குக் கரியாக உதவும் அந்தக் காரீயத்தை இலங்கை அக்காலத்திலே பெருந்தொகையாகத் தோண்டி, தோண்டியபடியே கப்பலேற்றி அனுப்பியது. அது எங்கோ பென்சிலாகித் திரும்பி வந்து நம் பள்ளிப் பிள்ளைகளின் கைகளிலே விலைக்கு ஏறியது. இந்தப் போக்கும் வரவும் பற்றி அவர் அக்கட்டுரையில் ஆராயவில்லை. அது அறிவியற் கட்டுரை. ஆயினும், நாட்டின் மண்ணுக்குள் இருப்பதைக் கணக்கெடுக்க வந்தவர் நாட்டின் மனிதர்களிடமிருந்து போய்க்கொண்டிருந்ததைக் கண்டுகொண்டார் என்பதே அவரது வாழ்க்கையின் திருப்பம்.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராக அவர் பணியாற்றினார். 1904இல் தோரியனைட் என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தார். இவ்வாய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் 1906இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவ்வேலை அவரை ஊரூராக நடக்க வைத்தது. உடன் நடந்தவர் அவர் மனைவி எதெல். கணவர் கல்லை ஆராய, மனைவி நிழற்படக் கருவியுடன் கிராமத்துக் கம்மாளரையும் நெசவாளரையும் குயவரையும் படமெடுத்தார். நாளடைவில் கணவரும் கல்லை மறந்து கம்மாளரின் பட்டடையருகே அமரலானார்.

அவர்கள் கண்டது என்ன? கண்டி இராச்சியத்திலே, பொன் வேலை செய்பவனுக்கும் ஓவியம் தீட்டுபவனுக்கும் நெய்பவனுக்கும் மன்னனும் விகாரையும் நிலம் விட்டிருந்தனர். அந்நிலத்தை உழுதுண்டு, அதற்கீடாகத் தன் கைவினையை அவன் அளித்து வந்தான். கூலிக்காக விரைந்து முடிக்கவேண்டிய கட்டாயம் அவனுக்கில்லை. 1815இல் கண்டி வீழ்ந்தது. 1832இல் இராசகாரிய முறை நீங்கியது. நீங்கியது நன்றே என்று சொல்லுதற்கு நியாயம் உண்டு. ஆனால் அதனோடு ஆதரிப்போனும் நீங்கினான். பின்னர் மான்செஸ்டர்த் துணி வந்தது. தகரமும் எனாமல் கிண்ணமும் வந்தன. விலை மலிவாக வந்தன. ஊர்ப் பெரியவர்கள் அவற்றை நாகரிகத்தின் சின்னமென வாங்கினர். கம்மாளனின் மகன் கூலியாளானான். தந்தையின் கையிலிருந்த வித்தை தந்தையோடு சுடுகாட்டுக்குப் போயிற்று.

இந்தக் கதையிலே அந்நிய வணிகனை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது. குமாரசுவாமி அவ்வாறு செய்யவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. வாங்கியவன் யார் என்று அவர் கேட்டார். 1905இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று, மேலைநாட்டு உடையை இரவல் வாங்கி அணியும் வழக்கத்தைக் கண்டித்தது. அதே காலத்தில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைப்பதில் முன்னின்று, அதன் தலைவராக இருந்து, தாய்மொழிக் கல்விக்காகவும் நாட்டுடைக்காகவும் நாட்டுக் கைத்தொழிலுக்காகவும் அவர் பேசியும் எழுதியும் வந்தார். தமிழும் சிங்களமும் அறியாத தமிழரும் சிங்களவரும் பெருகிவந்த காலம் அது. ஆங்கிலத் தாயின் மடியில் ஆங்கிலமே பேசி வளர்ந்த ஒருவர் இதனைச் சொல்லவேண்டியிருந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

இது நிற்க. நூலிலே படிப்பது மலைநாட்டுச் செய்தியென்று நம்மவர் ஒதுங்கிவிடுதல் கூடாது. எங்கள் தீவுகளின் மணலுக்கும் இதே கதை உண்டு. இம்பூறல் என்னும் சிறு பூண்டின் வேரைச் சாயவேர் என்பர். அதிலிருந்து இறக்கிய சிவப்பு எத்தனை முறை வெளுத்தாலும் மங்காது. எங்கள் தீவுக்குக் கிழக்கேயுள்ள காரைதீவிலும், நெடுந்தீவிலும், மன்னார்க் கரையிலும் அதனைத் தோண்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட மக்கள் இருந்தனர். ஒல்லாந்தர் காலத்திலே அவ்வேர் அரசுக்கு வருவாய் தரும் பண்டமாக இருந்தது. 1868இல் ஜெர்மனியிலே கிரேபே, லீபர்மன் என்னும் இரு வேதியியலார், அச்சிவப்பின் உயிரான அலிசரின் என்னும் பொருளை ஆய்வுசாலையிலே செயற்கையாக ஆக்கிக் காட்டினர். சில ஆண்டுகளுள் அது ஆலைகளிலே மலைமலையாகக் குவிந்தது. காரைதீவு மணலில் வேர் தோண்டியவனுக்கு ஜெர்மனி என்றொரு நாடு இருப்பதும் தெரிந்திராது. ஆயினும் அவன் மண்வெட்டியை அந்நாடு பறித்துக்கொண்டது. ஓரிடத்து அறிவு மற்றோரிடத்துப் பிழைப்பைக் கண்காணாமல் அழிக்கும் இந்த வித்தை நம் காலத்திலே புதிதாகத் தோன்றியதன்று.

செயற்கைச் சாயங்களைக் குமாரசுவாமி வெறுத்தார். மலிவு, மினுக்கு என்னும் இரண்டுமே கண்ணின் சுவையைக் கெடுக்கின்றன என்பது அவர் கருத்து. இதனை ஒரு பழமைவாதியின் பிடிவாதமென்று தள்ளிவிடலாம். ஆனால் அவர் மனைவியாயிருந்த எதெல், பின்னர் மணம் பிரிந்து எதெல் மெயரெட் என்ற பெயருடன், இங்கிலாந்தின் தலைசிறந்த கைந்நெசவாளர்களுள் ஒருவராய் விளங்கினார். 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் அந்நாட்டு நெசவாளர்க்கு வழிகாட்டியாயிற்று. இலங்கைக் கிராமத்து முற்றங்களிலே விழித்த கண், அங்கே பயன் தந்தது. நாம் கைவிட்டதை அவர்கள் பாடமாக்கிக்கொண்டனர்.

1905இல் வங்கப் பிரிவினையை ஒட்டிப் பாரதத்திலே சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்தது. 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியையும் கொழும்பையும் இணைக்கச் சுதேசிக் கப்பற் கழகம் நிறுவினார். குமாரசுவாமி பாரதத்துக்குச் சென்று, கல்கத்தாவிலே தாகூர் குடும்பத்தாருடன் பழகி, அவ்வியக்கத்தைக் கண்ணாரக் கண்டார். அதனை ஆதரித்தார், ஆதரித்துக்கொண்டே அதன் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தார். உண்மைச் சுதேசியம், போலிச் சுதேசியம் என்று இரண்டு உண்டு என்பது அவர் வாதம். மான்செஸ்டர்த் துணியை எரித்துவிட்டு, அதே துணியை அதே இயந்திரத்திலே பம்பாயில் செய்து, அதனினும் தாழ்ந்த தரத்தில் விற்று, தேசத்தின் பேரால் வாங்கச் சொல்வது போலி. பணம் கடல் கடக்காமல் நின்றதேயன்றி, கைவினைஞனுக்கு அதனால் வந்தது யாதுமில்லை. ஊர் நெசவாளனைப் பட்டினியிட்டதில் இலங்காஷயரும் பம்பாயும் உடன்பிறப்புகளே. முன்னாளிலே உரோமாபுரி பாரதத்தின் பண்டங்களை வாங்கியது அவை மலிவானவை என்பதற்காகவா? அவற்றுக்கு நிகர் வேறில்லை என்பதற்காகவே. மலிவிலே மேலைநாட்டுடன் போட்டியிடுவது நம் இழிவு. தரத்திலே போட்டியிடுவதே நம் மானம். 1912இல் சென்னையிலே வெளிவந்த கலையும் சுதேசியமும் பற்றிய அவரது நூல் முழுவதும் இந்த ஒரு கருத்தைத்தான் பல திசைகளிலிருந்து சுற்றி வருகிறது. கிராமபோனையும் அவர் விடவில்லை. அதனை மேடையிலே பேசியும் எழுதியும் எதிர்த்தவர் அன்று பலரின் நகைப்புக்கு உள்ளாகியிருக்க வேண்டும்.

சொன்னதைச் செய்துகாட்டியதிலும் அவர் குறை வைக்கவில்லை. இங்கிலாந்திலே பிராட் காம்ப்டன் என்னும் சிற்றூரில், பழைய தேவாலயக் கட்டடமொன்றைத் திருத்தி வீடாக்கிக்கொண்டு குடியிருந்தார். அதனைத் திருத்திக் கொடுத்த ஆஷ்பி என்பார், இலண்டனிலிருந்து கைவினைஞர் குழுவொன்றை 1902இல் அவ்வூரருகே குடியேற்றியவர். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறி ஆஷ்பியின் வழியாகக் குமாரசுவாமியின் வீட்டுக்கு வந்தது. அதிலேதான் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, பதினைந்து மாதங்களாகக் கையாலேயே அச்சிடுவித்தார். மொத்தம் 425 படிகள். கைவினையைப் போற்றும் நூலை விசையியந்திரத்திலே அடிப்பது பொருந்தாது என்பது அவர் எண்ணம். சிங்களக் கலைக்கு அத்தகைய நூலொன்றை ஆக்கியவர் தமிழ்க்குலத்து மைந்தர் என்பதை இங்கே ஒரு சொல்லாகக் குறித்துவிட்டு மேலே செல்கிறேன். இந்நாட்டிலே அதனை நினைப்பவர் இரு சாராரிலும் இன்னும் பெருக வேண்டும்.

அந்நூல் அச்சேறிய அதே 1908இல் ஆஷ்பியின் கைவினைஞர் குழு கலைந்தது. அவர்கள் கையால் அடித்துச் செய்த வெள்ளிப் பாத்திரங்களின் சாயலிலே இலண்டன் பெருங்கடைகள் இயந்திரத்தால் செய்து குறைந்த விலையில் விற்றன. வாங்குவோர் அங்கே சென்றனர். பேரரசின் தலைநகரத்திலேயே, படித்த செல்வர் நடுவிலேயே, கைவினை தோற்றது. இதனைக் குமாரசுவாமி பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தார். ஆதலின், அந்நியன், சுதேசி என்ற வேறுபாட்டினும் ஆழமாக, செய்பவன், வாங்குபவன் என்ற உறவு அவர் சிந்தனையிலே முதலிடம் பெற்றதில் வியப்பில்லை.

இக்கருத்தின் உண்மையை யாழ்ப்பாணத்தவராகிய நாம் நூலிலே படித்துத்தான் அறியவேண்டும் என்பதில்லை. 1970ஆம் ஆண்டுகளிலே இறக்குமதித் தடை இருந்தபோது எங்கள் குடாநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பொன்விலை கிடைத்தது. கல்வீடு கட்டிய கமக்காரர் பலர். 1977இல் கதவு திறக்கப்பட்டது; வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கியது; செழிப்புத் தளர்ந்தது. பின்னர் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை நான் மாணவனாகக் குடாநாட்டிலே கழித்தேன். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைக் கரைத்துத் துணி துவைத்தோம். சீனிக்குப் பனங்கட்டி, மின்சாரத்துக்குச் சிறு போத்தலிலே பஞ்சுத்திரி இட்டு எரித்த விளக்கு. அக்காலத்து நமது கெட்டித்தனத்தை இன்றும் வாய் நிறையப் பேசுகிறோம். ஆனால் 2002இல் கண்டி வீதி திறந்தபோது, பனம்பழத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்றும் நான் சொல்லேன். அதன் மணம் எனக்கு இன்றும் நினைவிலுண்டு. வேறு வழியின்றி வாங்கியது சுதேசியம் ஆகாது என்பதையே சொல்ல வந்தேன். தெரிவு கையிலிருக்கும்போது எதனை எடுக்கிறோம் என்பதிலேதான் குமாரசுவாமி கேட்ட கேள்வி தொடங்குகிறது. தெரிவு கிடைத்ததும் நாம் பனங்கட்டியோடு கடகத்தையும் சுளகையும் நீத்துப்பெட்டியையும் சேர்த்தே எறிந்தோம். நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டின் வாசனைக்கும் அலுமினியப் பாத்திரத்துப் பிட்டின் வாசனைக்கும் உள்ள வேற்றுமை தெரியாதவர் எவருமில்லை, தெரிந்தே எறிந்தோம். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை ஓலை வேலைகளை இன்னும் பேணுகிறது. அவற்றைச் சுற்றுலா வருவோர் அழகுப் பொருளாக வாங்குகின்றனர். உழைக்கும் வீட்டில் புழங்கிய பொருள் கண்ணாடிப் பேழைக்குள் ஏறுவதைத்தான் கைவினையின் மரணம் என்று குமாரசுவாமி கருதினார்.

ஆனால் அன்னாரிடம் நான் உடன்படாத இடமும் ஒன்றுண்டு. 1909இல் அவர் வெளியிட்ட இந்தியக் கைவினைஞன் என்னும் நூல், தந்தை தொழிலை மகன் வழிவழியாக ஏற்று, ஊரார் அளிக்கும் நெல்லிலே கவலையின்றி வாழ்ந்த ஒரு சமுதாயத்தைச் சித்திரிக்கிறது. அழகிய சித்திரமே. ஆனால் எங்கள் ஊர்களிலே பனையேறியவனையும் சாயவேர் தோண்டியவனையும் ஊரார் எந்த வாசலில் நிறுத்தினர் என்பது அச்சித்திரத்திலே இல்லை. அவர்தம் பிள்ளைகள் அத்தொழில்களை விட்டு ஓடியது மலிவான பிளாஸ்ரிக்கு வந்ததால் மட்டுமன்று. அத்தொழிலோடு ஒட்டியிருந்த இழிவு தாங்காமலும் ஓடினர். கடகம் இழைக்கும் ஒரு பெண் ஒரு நாள் முழுதும் குனிந்திருந்து பெறும் கூலியைக் கேட்டால், அவள் மகளைப் படிக்க வைத்து அனுப்பியதை யாரும் குறை சொல்லார். வாங்குபவன் கைவினையை மதிக்கவேண்டும் என்றார் குமாரசுவாமி. கைவினைஞனைச் சமமாக மதிக்கவேண்டும் என்பதையும் அதே அழுத்தத்துடன் அவர் சொல்லியிருப்பாராயின், அவர் கோரிய சுதேசியம் எங்கள் கிராமங்களிலே வேரூன்ற இடமிருந்திருக்கும். இக்குறையை அவரது பிற்கால நூல்களிலும் நான் காண்கிறேன்.

அவர் வாழ்க்கையின் பிற்பகுதி சுருக்கமாகச் சொல்லத்தக்கது. அதுவே பலரும் அறிந்தது. 1910–11இல் அலகாபாத்தில் நடந்த பெருங்கண்காட்சியிலே கலைப்பகுதியைப் பொறுப்பேற்றார். வட இந்தியா முழுதும் சுற்றி, எவரும் மதிக்காது கிடந்த இராசபுத்திர ஓவியங்களைத் தேடிச் சேர்த்தார். 1916இல் அவற்றைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். தாம் சேர்த்த செல்வம் பாரதத்திலேயே ஒரு தேசியக் கலைக்கூடமாக நிலைபெறவேண்டுமென்று விரும்பினார். அது கைகூடவில்லை. 1917இல் அச்சேகரிப்பு அமெரிக்காவிலே பொஸ்டன் நூதனசாலையைச் சேர்ந்தது. அதனோடு அதனைச் சேர்த்தவரும் சென்றார். அந்நியப் பொருளை வாங்காதீர் என்று நமக்குச் சொன்னவரை, வாங்கியவர் அந்நியர். விற்கக் கூசாதவர் நாம். அங்கிருந்து முப்பது ஆண்டுகள் அவர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் நூற்றுக்கணக்கானவை. 1918இல் வந்த சிவ நடனமும், 1927இல் வந்த இந்திய இந்தோனேசியக் கலை வரலாறும் அவற்றுள் அடங்கும். வேதாந்தத்திலும் மத்தியகாலக் கிறிஸ்தவ ஞானத்திலும் அவர் ஆழ்ந்தது இக்காலத்தில். ஆயினும், கலை என்பது நூதனசாலையிலே தொங்கவிடுவதற்கன்று, நாளும் புழங்குவதற்கே என்ற பழைய கொள்கையை, நூதனசாலையிலே ஊதியம் பெற்றுக்கொண்டே அவர் இறுதிவரை எழுதினார்.

1947 ஓகஸ்ட் 15இல் பாரதம் விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து, ஓகஸ்ட் 22இல், அன்னாருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று நண்பர்கள் எடுத்த விருந்திலே, தாம் பணியிலிருந்து ஓய்ந்து, மனைவியுடன் பாரதம் திரும்பி, எஞ்சிய நாளை இமயச் சாரலிலே கழிக்கப்போவதாக அறிவித்தார். செப்டெம்பர் 9ஆம் நாள், பொஸ்டனுக்கு அருகே நீடம் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்திலே காலமானார்.